தும்பு தின்ற ரேகை

யூலை 3, வியாழன்
கச்சான் காற்று. பாஸ்போட்டுக்குக் கைரேகை கொடுக்க யாழ்ப்பாணம். ஊர்காவற்றுறையிலிருந்து நின்றபடியே பஸ்.

பத்து விரலும் வைத்தேன். மெஷின் ஒன்றையும் எடுக்கவில்லை. பாஸ்போட் கந்தோர்ப் பிள்ளை: “ஐயா என்ன வேலை செய்யிறனீங்கள்?”

“மரத்துக்கும் பித்தளைக்கும் பொலிஷ்.”

“ரேகை தேஞ்சு போச்சு. மூண்டு கிழமை கைவேலை செய்யாமல் இருந்திட்டு 24ஆம் திகதி வாங்கோ. திரும்ப வரும்.”

இருபத்தாறு வருடம் நைலோன் தும்பு. குசினியில் சட்டி தேய்க்கிற பச்சைத் தும்பின் இனம், சாணைக்கல் தூள் கலந்தது. சொரசொரப்புக்கு ஒரு நிறம்: முதலில் சிவப்பு, பிறகு சாம்பல், கடைசியில் வெள்ளை. மரத்தோடு என்னையும் தேய்த்திருக்கிறேன்.

மகள் டிலானியின் கலியாணம் செப். 6, பாரிசில். அவளை நேரில் கண்டு ஒன்பது வருடம். கோயிலுக்குள் பீடம் வரை கைபிடித்துக் கூட்டிப்போக நான் வேண்டும்.

யூலை 5
மரியதாஸ் அண்ணையிடம் சொன்னேன். நான் வேலை செய்யும் பட்டறை அவருடையது. 27ஆம் திகதித் திருநாளுக்குள் எங்கள் ஊர்க் கோயிலின் தேக்குக் கதவு இரண்டு, பித்தளைக் கைபிடி நான்கு மினுக்க வேண்டும். அவர் முகம் கறுத்தது. “நீர் ராசா மாதிரி இரும். நான் பாக்கிறன்.”

இரண்டு வருடத்துக்கு முன் டிலானி கையுறை அனுப்பினாள். போட்டால் சொரசொரப்பு விரலுக்குத் தெரியாது என்று எறிந்தேன். மனுசி பிலோ அதைப் போட்டு நண்டு உடைக்கிறாள்.

யூலை 14
வெயில். சும்மா இருப்பு. பிலோ தேங்காய் துருவக்கூட விடுகிறாள் இல்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தால் விரல் நுனியில் மெல்லிய கோடுகள்!

வாங்க: சீனி, தேசிக்காய், பட்டரி 2.

டிலானி போனில்: “நீங்கள் வராட்டி சித்தப்பா கூட்டிக்கொண்டு போவார், யோசிக்காதேங்கோ.” பாரிசிலேயே இருந்தும், அவள் போய் இறங்கிய நாள் எயார்போட்டுக்குக்கூட வராத என் தம்பி.

யூலை 22
கதவு பார்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது. அண்ணை இரும்புக் கம்பித்தும்பால் தேய்த்து வார்னிஷ் பூசியிருக்கிறார். மரத்தில் தங்கிய கம்பித்துகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, கதவெல்லாம் கறுப்புப் புள்ளி.

“நைலோன் முடிஞ்சுது. இதுவும் தும்புதானே?”

“ஊர்ச்சனம் என்னைத்தான் குறை சொல்லும், அண்ணை.”

“அப்ப நீர் வந்து செய்யும்.”

வீட்டுப் பெட்டியில் சிவப்பு 4, சாம்பல் 2, வெள்ளை 1 இருக்கிறது.

யூலை 23
முழுநாளும். வெறுங்கை. புள்ளி போக இரண்டு கதவும், மினுங்க நான்கு கைபிடியும். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. பிலோ சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

யூலை 24
மெஷின் எடுக்கவில்லை. அதே பிள்ளை விரலைத் தொட்டுப் பார்த்து, “பட்டு மாதிரி இருக்கு ஐயா.” அடுத்த தவணை ஓகஸ்ட் கடைசியில். பிறகு விசா எடுக்க நாளில்லை.

கதவு ஓடியா போயிருக்கும்? ஒரு நாள் பொறுத்திருக்கலாம். மடையன்.

யூலை 27, ஞாயிறு. திருநாள்
காலையில் டிலானிக்குச் சொன்னேன். “சரி அப்பா. சித்தப்பாவிட்டைச் சொல்லுறன்.”

பூசையில் பங்குச்சுவாமி கதவுக்காக மரியதாஸ் அண்ணைக்கு நன்றி சொன்னார்.

சனம் போனபின் கைபிடியைப் பார்த்தேன். பித்தளை முழுக்க ஊராரின் விரல்கள், கோடு கோடாக. என் பெருவிரலையும் அழுத்தி எடுத்தேன். ஒரு மங்கல். கோடு ஒன்றும் இல்லை.