சாம்பல் வாங்கிய நெற்றி

கடலூர்
புதன்கிழமை

அன்புள்ள சிவகாமுவுக்கு,

எழுத்து கோணலாக ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள். யாரையும் எழுதித் தரச் சொல்லாமல், இங்கே கற்றுக்கொண்ட எழுத்தில் முதல் தடவையாக நானே எழுதுகிறேன்! உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சௌக்கியம்.

நீ கொடுத்தனுப்பிய நடராஜர் கோயில் விபூதி தீர்ந்து, வெறும் நெற்றியோடு இருந்தேன். இன்று காலை மாதா கோயிலிலிருந்து எல்லோரும் நெற்றியில் சாம்பலோடு வந்தார்கள். நம்மைப் போலத்தானே என்று நானும் போய் வரிசையில் நின்றுவிட்டேன். சாமியார் பூசிக்கொண்டே, "மனிதனே, நீ மண், மண்ணுக்கே திரும்புவாய்" என்றார். எனக்குத் திக்கென்றது. நம் கோயிலில் நன்றாக இரு என்றுதானே விபூதி கொடுப்பார்கள்?

கூட வேலை செய்யும் சூசைநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். "அது எங்க தவக்காலத்துக்கு, நோன்பு தொடங்குற நாள் சாம்பல், மாமா. உங்கள யாரு வரிசையில நிக்கச் சொன்னது?"

அழித்தால் பாவமா, வைத்திருந்தால் பாவமா, தெரியவில்லை. இன்னும் அழிக்கவில்லை. கோபிக்காதே. "மண்ணாப் போற மனுசா" என்று தினமும் திட்டுவாயே, அதைக் கேட்டு மாதக்கணக்காகிறது. சாமியார் சொன்னபோது எனக்கு உன் குரல்தான் கேட்டது.

கொஞ்சம் விபூதி மடித்து அனுப்பு. அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அதற்குள் யாரிடமாவது சொல்லி, என்னைத் திட்டி இரண்டு வரி எழுதி அனுப்பு. இப்போது நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் புருஷன்