புதுக்கோட்டைத் தபால் முத்திரை

+
நவம்பர் 3, திங்கள்

ராத்திரி கனமழை, விடியற்காலையிலிருந்து தூறல். துறைமுகச் சாலையில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ். நேற்று அம்மா கல்லறையில் ஏற்றிய மெழுகுவர்த்தி எத்தனை நிமிடம் எரிந்ததோ.

வாங்க: கருப்பட்டி, அவருக்கு இருமல் மருந்து. குடைக்கம்பி சரி செய்யணும்.

பதினொரு மணிக்கு மேனேஜர் எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனி மேல் யாரோ டெல்லியில் வியாபாரப் புகார் விசாரிக்கிற சர்க்கார் ஆபீசுக்கு மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறார்களாம். டெல்லிக்காரர்கள் அதை அப்படியே நகல் எடுத்து, உங்கள் விளக்கம் என்ன என்று கம்பெனிக்கே அனுப்பிவிட்டார்கள். யார் மேல் புகாரோ அவர்கள் கையிலேயே கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மக்கு. இருபத்திரண்டு வருஷ ஆபீஸ் வேலை, என்ன பிரயோஜனம்.

மேனேஜர் மெட்ராஸ்காரர். சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"உள்ள இருக்கற ஆள்தான் எழுதியிருக்கணும். அதுல இருக்கற பெட்டி லிஸ்ட் வெளிய யாருக்கும் தெரியாது."

எழுதியது நான்.

இந்த டைரியை அரிசி டிரம்முக்குள் வைக்க வேண்டும்.

+
நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ஏன் எழுதினேன்? இருக்கிற பயத்தில் அதுவே மறந்துபோகும்போல. குறித்து வைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரில் கண்டெய்னர் யார்டு பல, முதலாளியும் பலர். ஓரிடத்தில் கோபித்துக்கொண்டு வெளியே வந்தால் சாயங்காலத்துக்குள் அடுத்த கேட்டில் வேலை. கம்பெனி வந்தது. ஒவ்வொரு யார்டாக வாங்கியது, எங்கள் யார்டையும் சேர்த்து. பிறகு கப்பலில் பெட்டி ஏற்றும் தளமும் அவர்கள் கைக்குப் போனது. மிச்சம் செல்வராஜ் அண்ணாச்சி யார்டு ஒன்றுதான். விற்க மாட்டேன் என்கிறார். அதனால் அவர் யார்டுப் பெட்டிகள் தளத்து வாசலிலேயே நிற்கும். காலை லிஸ்டில் பெட்டி எண்ணுக்கு எதிரே ‘எல்’ என்று ஓர் எழுத்து. லேட்டர். கப்பல் போன பிறகுதான் அந்தப் பெட்டிக்கு வழி.

அந்த ‘எல்’லை அடிக்கிறவள் நான்.

ஆகஸ்டில் அண்ணாச்சியே வந்து ஜன்னல் பக்கம் நின்றார். சாத்தான்குளத்து முருங்கையிலைப் பொடி, இரண்டாவது தடவையாகக் கப்பல் தவறிவிட்டது. வாங்குகிறவன் இனி வேண்டாம் என்றுவிட்டானாம். "எம்மா, எம் பெட்டி மட்டும் ஏன் நிக்கி? நீயாது சொல்லேன்" என்றார். "சிஸ்டம் அண்ணாச்சி" என்றேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே கடிதம். பிரிண்டரில் எடுத்தால் யார் எடுத்தது என்று பதிவாகிவிடும். அதனால் கையால், பெரிய இங்கிலீஷ் எழுத்தில், என் எழுத்து மாதிரி தெரியாதபடி. ‘எல்’ போட்ட பெட்டி எண்கள் எல்லாம் வரிசையாக. இங்கே போடாமல் பஸ் ஏறி, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டைக் கிராமத்துத் தபால் ஆபீசில் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

ஒன்று மட்டும் ஞாபகம் வரவில்லை. எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிடுவேன். சிலர் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி, கை தானாகப் போடும். ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

கடிதத்தில் போட்டேனா?

இந்தப் பக்கத்தின் மேலேயும் போட்டிருக்கிறேன். இப்போதுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 5, புதன்

வேண்டுமென்றே போடவில்லை.

ராத்திரி நெத்திலிக் குழம்பு. உப்புப் போட மறந்தேன். அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கும் அதே கம்பெனிதான், பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறார். இரண்டு சம்பளமும் ஒரே வாசலிலிருந்து. கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

"எவனோ நம்ம சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டாம்ளா. கொழும்பு ஹார்பரோட மோதணும், அந்தப் பக்கம் மலையாளக் கரையில புதுசா ஒரு ஹார்பர் தொறந்திருக்கான், அதோட மோதணும். சின்னச் சின்ன ஆளால முடியுமா? பெரிய கை வேணும்."

மேனேஜர் மீட்டிங்கில் சொன்ன அதே பேச்சு. கம்பெனி வந்த பிறகு கப்பல் கூடியது உண்மைதான், நான் மறுக்கவில்லை. கொழும்போடு மோதட்டும். அண்ணாச்சியோடு எதற்கு மோத வேண்டும்? இதைக் கேட்க வாயெடுத்தேன். இருமல் மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

வேலை போனால் எங்கே போவது என்று கணக்குப் பார்த்தேன். வடக்கு யார்டு: கம்பெனி. ரயில்வே லைன் யார்டு: கம்பெனி. பைபாஸ் யார்டு: கம்பெனி. அண்ணாச்சி யார்டு: அங்கேயே ஆள் குறைக்கிறார்கள். வேம்பாரில் தங்கச்சி வீட்டில் போய் உட்காரலாம், எத்தனை நாளைக்கு?

நவம்பர் 6, வியாழன்

கடிதத்தைப் பார்த்துவிட்டேன்.

மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மேஜை மேல் வைத்துக் காட்டினார். "இந்த எழுத்து யாரோடதுன்னு தெரியுதா மேடம்?" கண் நேராக மேல் ஓரத்துக்குத்தான் போனது. நகல் எடுத்தவன் தாளைச் சாய்த்து வைத்திருக்கிறான். மேல் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு மட்டும், அழுக்கு மாதிரி. சிலுவையின் கால்.

போட்டிருக்கிறேன்.

"தெரியல சார்."

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. அடுத்த தாளைத் திருப்பினார். கவரையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தபால் முத்திரையைப் பேனா முனையால் தொட்டார். "புதுக்கோட்டை. நம்ம ஆபீஸ்ல புதுக்கோட்டையிலேர்ந்து வர்றது யாரு?"

ஒரே ஒருத்தி. முத்துலட்சுமி. எனக்கு எதிர் மேஜை, பன்னிரண்டு வருஷமாக. தினமும் திருநெல்வேலி ரோட்டு பஸ்ஸில் வருகிறவள். அன்று தபால் ஆபீஸ் வாசலில் நின்றபோது ஒரு விநாடிகூட அவள் நினைவு வரவில்லையே. சத்தியமாக வரவில்லை.

முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. தப்பித்தேன் என்று. அதற்குப் பிறகுதான் மற்றது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

கனமழை. பாதிப் பேர் வரவில்லை. மு.லட்சுமி வந்தாள், நனைந்துபோய்.

நாளை பத்து மணிக்குள் அவள் தானாக ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் போலீசில் புகார், கம்பெனி ரகசியத்தை வெளியே கொடுத்ததாக. அவள் அழவில்லை. டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி புளிச்சோறு வைத்தாள், வழக்கம்போல.

"நீ எழுதலன்னு சொல்ல வேண்டியதானளா" என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது.

"சொன்னேன்க்கா. அப்ப யாருன்னு கேக்காரு."

"யாருன்னு..."

"மேல ஒரு கோடு இருக்குல்லா." சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தெனமும் ஒங்க எதிர்லதான உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

எடுத்த பிடிச் சோற்றைத் திரும்ப வைத்தேன்.

"ஒங்க வீட்ல ரெண்டு சம்பளமும் இங்கனதான. எங்க வீட்டுக்காரருக்குக் கட இருக்கு. கஞ்சியோ கூழோ குடிச்சிக்கிடுவோம். சாப்பிடுங்கக்கா."

அந்தக் கடையில் ஒரு நாளைக்கு நாலு பேர் ஏறினால் அதிகம். இவள் சம்பளத்தில்தான் அந்தக் கடையே நடக்கிறது என்று இவளே எத்தனை தடவை என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

போலீஸ் என்ற சொல் காதிலேயே நிற்கிறது. என் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன்.

+
நவம்பர் 8, சனி

வெயில். எட்டு மணி. டைரியைப் பையில் போட்டு ஆபீசுக்கே கொண்டுவந்துவிட்டேன். இனி அரிசி டிரம் எதற்கு.

காலையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மு.லட்சுமியைப் பற்றியும். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால்கூட நன்றாயிருக்கும். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ எல் போட்ட பெட்டிய ஓரமாத் தூக்கி வச்சவன் நாந்தாம்ளா" என்றார். பிறகு, "என்னயும் அனுப்பிருவான்லா?"

"தெரியல."

"சரி. அந்தப் புள்ளைய வுட்டுறாத."

மு.லட்சுமி ஒன்பதரைக்கு வந்தாள். ராஜினாமாவை எழுதியே கொண்டுவந்திருந்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம். "யக்கா, வேண்டாங்க்கா" என்று இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு மேனேஜருக்கு எழுத ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். அவசரத்தில் எழுத்து கோணல்மாணல். பரவாயில்லை, என் எழுத்து என்று தெரிந்தால் போதும். டெல்லிக்கு எழுதியது நான், பிலோமினா. முத்துலட்சுமிக்கு இதில் ஒன்றும் தெரியாது. பெட்டி எண்கள் எல்லாம் உண்மை. மூன்று வரிதான்.

மேலே சிலுவை. ஓரத்தில் இல்லை, நன்றாகக் கீழே இறக்கி, எந்த ஜெராக்ஸிலும் வெட்டுப்படாத இடத்தில்.

பத்தாக ஐந்து நிமிடம். வாசலில் மேனேஜர் கார் நிற்கிறது. படியில் செருப்புச் சத்தம். மு.லட்சுமி எழுந்து நிற்கிறாள், நானும்