பானட்டுக்கு அடியில் தெர்மாகோல்

அன்பு மகன் செம்பியனுக்கு, நொச்சிக்குப்பத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை நிலாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், என் காலைத் தவிர. டொரண்டோவில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று நிலா சொன்னாள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐப்பசி முடிந்தும் மழை விட்டபாடில்லை. படகுகள் பாதி வெறுமையாகத் திரும்புகின்றன, வருகிற கொஞ்சம் வஞ்சிரத்துக்கும் அடையாறு ஓட்டல்காரர்கள் நேற்றைய விலையே பேசுகிறார்கள். காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கி, சாயங்காலம் செருப்பு ஏறுவதில்லை. டாக்டரம்மா நிற்காதே என்கிறார். நிற்காமல் மீன் விற்க அவருக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.

உன் கார் விஷயத்துக்கு வருகிறேன். தி.நகர் பங்களாவில் கோழி அடைந்து கிடந்த அந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்து ஓட வைத்தாய், அப்புறம் என் ஐஸ் பெட்டி ஷெட்டில் நிறுத்திவிட்டு விமானம் ஏறினாய். நாலு வருஷம் ஆகிறது. இப்போது எஞ்சின் சூட்டில் பெயிண்ட் போய்விடும், எஞ்சினை மூடுகிற பானட்டுக்கு அடியில் சூடு தாங்குகிற ஃபெல்ட் துணி ஒட்டு, கால் வைக்கிற பக்கத்துத் தகரத்துக்கும் ஒட்டு என்று எழுதியிருந்தாய். நான் செய்த தப்பை நானே சொல்லிவிடுகிறேன், நிலா வாயால் நீ கேட்க வேண்டாம். முப்பது வருஷமாக ஐஸைக் கரையாமல் காப்பாற்றுகிறவளுக்குச் சூட்டைத் தடுக்கத் தெரியாதா என்று ஒரு திமிர். உடைந்த ஐஸ் பெட்டியிலிருந்து தெர்மாகோலை அளவாக வெட்டி, பசை தடவி, பானட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டேன். மெக்கானிக் கபாலி வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கால் மணி நேரம் விட்டான். தெர்மாகோல் அப்பளம் மாதிரி சுருண்டு, உருகி எஞ்சின் மேல் சொட்டி, ஷெட் முழுக்க நாற்றம். கபாலி தலையில் அடித்துக்கொண்டு, இன்னாம்மா நீ, மீன் பொட்டின்னு நெனச்சிக்கினியா, இது அடுப்பும்மா, அடுப்பாண்ட போய் யாராச்சும் தெர்மாகோல் ஒட்டுவாங்களா என்று கத்தினான். சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. அதற்குப் பிறகாவது முறையாகச் செய்யலாம் என்று, சிந்தாதிரிப்பேட்டையில் கார் சீட்டு உறையும் ஃபெல்ட்டும் விற்கிற அன்வரி பேகத்தை அழைத்து வந்து காட்டினேன். கடைக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பாத பொம்பளை. பானட்டுக்கு அடியில் உள்ளங்கையால் தடவி, கையை என்னிடம் நீட்டினாள், ஈரமும் துருவும். வேணாம்க்கா, கடக்காத்துல ஃபெல்ட்டு உப்புத்தண்ணிய குடிச்சிக்கினு தகரத்தோட ஒட்டிக்கினு கெடக்கும், மேல பாத்தா பளபளன்னு கீது, அடியில தின்னுக்கினே இருக்கும், அப்புறம் என்னத்தான் திட்டுவ என்றாள். கபாலியும் அதையேதான் சொன்னான், கம்பெனில இருந்து வரப்பவே இதுக்கு வெறும் தகரந்தாம்மா, பானட்டுல கோடு கோடா வழி உட்டுக்கீறான் பாரு, சூடு அதுல பூடும், இத்தினி வருசம் போவாத பெயிண்டா இப்ப போவப்போவுது, ஓட்டாம நிறுத்தி வச்சிக்கினு கீறதுதான் இதுக்கு சீக்கு என்றான். சரக்கு வைத்திருக்கிறவளே சரக்கு வேண்டாம் என்றால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை, நானும் வியாபாரிதான். பானட்டுக்கு ஃபெல்ட் கிடையாது. துருவைத் தேய்த்துவிட்டு பிரைமர் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. ஷெட் குத்தகை தையோடு முடிகிறது. மறுபடி எடுக்க எனக்குத் தெம்பில்லை. வியாபாரத்தைப் பாதியாகக் குறைத்து வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், அப்போது காருக்கு இடம் இருக்காது. அடையாறு ஓட்டல் ராம்குமார் மீன் எடுக்க வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, எனக்கே குடுத்துடுங்கம்மா என்று மூன்று தடவை கேட்டாயிற்று. போன வாரம் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். ஒவ்வொரு தைக்கும் வருகிறேன் என்கிறாய், அப்புறம் சித்திரைக்கு என்கிறாய். வருகிறவன் பெயிண்டுக்குப் போர்வை கேட்கமாட்டான் என்று தோன்றிவிட்டது. அன்றைக்குத்தான் கபாலி, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்றேன் ஏறும்மா என்றான். ஐஸ் வேலை முடித்து நனைந்த புடவையோடு ஏறினேன். பட்டினப்பாக்கம் வரைக்கும் போனோம். நீ ஃபெல்ட் ஒட்டச் சொன்ன அந்தக் கால்பக்கத் தகரத்திலிருந்து எஞ்சின் சூடு மெல்ல வந்து என் இரண்டு காலிலும் பட்டது. ஐஸில் விறைத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது. கபாலி, சூடு தாங்கலையாம்மா, திருப்பிரட்டா என்றான், இன்னொரு தடவை போடா என்றேன். ராம்குமாருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தை பிறப்பதற்குள் வருகிறாயா இல்லையா, ஒரே வார்த்தை எழுது. இல்லை என்றாலும் திட்டமாட்டேன், வண்டியைக் கொடுத்துவிடுவேன், நீயும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லையம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். அங்கிருந்து ஃபெல்ட்டைப் பார்சலில் அனுப்பித் தொலைக்காதே, நான் வேண்டாம் என்றதை மறந்துவிடப் போகிறாய். வருவதானால் நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன். கால்பக்கத்தை மட்டும் மூடாமல் விடு.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவானை