தலை கோயிலில், கொண்டை என்னிடம்

பாய்,

தீபாவளிக்கு ஜட்டி எடுக்கப் போன இடத்தில் உங்கள் நினைவு வந்தது என்று சொன்னால், "நெனைக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா மாப்ள" என்பீர்கள். நான் என்ன செய்ய? என் இடுப்புக்கு ஆகிற அளவைக் கடைக்காரர் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்துதான் இறக்க வேண்டியிருக்கிறது. இறக்கிய பெட்டியைத் துண்டால் தட்டி என் முன்னால் வைத்தார். மூடியில் அந்தத் தலை. முக்கோணக் கண், கண்ணுக்கு நடுவே துளை, எதையோ சொல்ல வந்து நிறுத்தியது போன்ற வாய், வரிவரியாக வாரிப் பின்னிய முடி. நீங்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த அதே மண் தலை. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'காட்டுராஜா ஜட்டிகள்'.

"எடுத்துக்குங்க, நல்லா ஓடற மார்க்குங்க" என்றார் கடைக்காரர்.

"இது யாரு மொகம்னு தெரியுமுங்களா?"

"யாரோ காட்டுவாசிங்க. ஏனுங்க, உங்களுக்கு வேண்டப்பட்டவருங்களா?"

ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனியின் பெயர் என் மச்சினனுடையது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தீபாவளிக்குப் பழசே போதும் என்று எழுந்து வந்துவிட்டேன். பனியன் ஊரில் பிறந்து கிழிந்த ஜட்டியோடு தீபாவளி கொண்டாடப் போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீங்கள் நைஜீரியாவிலிருந்து திரும்பி, என் நூல் கடைக்குப் பக்கத்துக் கடையில் கட்டிங் வேஸ்ட் வியாபாரம் தொடங்கிய நாட்கள். பனியன் கம்பெனிகளில் வெட்டி விழுகிற துண்டுகளை வாங்கித் தரம் பிரித்து அனுப்புவீர்கள். அங்கே ஒரு தகரச் சுரங்க ஊரில் ஜவுளிக் கடையில் பல வருஷம் இருந்தவர், கலவரம் வந்ததும் ஒரே ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்துவிட்டீர்கள் என்று கடைவீதியில் பேச்சு. அந்தப் பெட்டியில் தங்கம் இருக்கிறது என்றும் பேச்சு. அதைப் பரப்பியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பொய் சொல்வானேன், பெரும்பங்கு.

ஒரு மத்தியானம் நானே வந்து கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, பனியன் துணியில் சுற்றிய ஒரு பொதியைப் பிரித்தீர்கள். இரண்டு கைக்குள் அடங்குகிற சுட்ட மண் தலை. தங்கத்தை எதிர்பார்த்து வந்தவன் முகம் எப்படி விழுந்திருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

"இது என்னோடது இல்லீங்க மாப்ள. அமானிதம். திருப்பிக் குடுக்கறதுக்காக ஒருத்தர் நம்பி வெச்சுட்டுப் போனது" என்றீர்கள்.

உங்கள் கடையில் துணி வாங்கித் தைத்த ஒரு தையல்காரர், ஊரைவிட்டு ஓடுகிற அன்றைக்கு அதை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். அவருடைய பாட்டன் வயலைக் கொத்தும்போது கிடைத்ததாம். அந்தப் பக்கம் சுரங்கம் வெட்டும்போதும் இப்படித் தலைகளும் உடல்களும் கிடைக்குமாம். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே பழசு என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். ஒன்றை யாரோ வயலில் குச்சி நட்டுப் பறவை விரட்ட நிறுத்தியிருந்ததாகக்கூட அங்கே கதை உண்டாம். தையல்காரர் வீட்டில் மட்டும் விதைப்புக்கு முன்னால் அதற்கு எதிரே ஒரு பிடி தானியம் வைப்பார்கள். "நான் வந்து கேக்கற வரைக்கும் வெச்சிரு, அந்த ஒரு பிடியை மட்டும் மறந்துராதே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"இது என்ன சாமிங்க பாய்?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. செத்தவங்களுக்கு வெச்சதுங்கறான் ஒருத்தன், வெள்ளாமைக்குங்கறான் இன்னொருத்தன், நோவு போறதுக்குங்கறான் வேறொருத்தன். செஞ்சவங்க ஒண்ணும் எழுதி வைக்கலே. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லி ஒதுங்கி நிக்கோணும். அதுவும் ஒரு மரியாதைதானுங்க."

"நீங்க உருவத்துக்கு முன்னாடி தானியம் வைக்கலாமுங்களா?" நான் சும்மா இருப்பவனா? உங்களைச் சீண்டிப் பார்ப்பதில் எனக்கொரு ருசி.

"தலைக்கு வைக்க மாட்டேனுங்க. தலை பாக்கற எடத்துல குருவிக்குப் போடுவேன். சொன்ன சொல்லும் போகலே, என் தீன் மார்க்கமும் போகலே."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரை மழைக்கும் உங்கள் கடை வாசலில் சோளம் இறையும். தலை உள்ளேயிருந்து பார்க்கும். குருவிகள் கொத்தும். நான் பக்கத்தில் நின்று கேலி பேசுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் என் மச்சினன். பனியன் ஆர்டர் கொடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரரை, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று உங்கள் கடைக்குள் கூட்டி வந்தான். தலையைப் பார்த்ததும் அந்த ஆளுக்குப் பனியன் மறந்துபோய்விட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். உங்கள் முகம் கறுத்தது. ஆப்பிரிக்கக்காரர்களுக்கு இவ்வளவு நேர்த்தி வராது, எகிப்திலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ யாராவது போய்ச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார் என்று பிறகு சொன்னீர்கள்.

"அவிநாசிக் கோயிலை ரோமாக்காரன் வந்து கட்டிக் குடுத்தான்னு சொன்னா நீங்க கேட்டுட்டு இருப்பீங்களா மாப்ள?"

நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் மச்சினன் தனியாக வந்தான். "அந்த மண்ணு பொம்மையை அவருக்குக் குடுத்துருங்க பாய். ஆர்டர் எனக்கு வந்துரும். ஒரு பொம்மைக்குப் போயி இத்தனை பிகுவுங்களா?"

"குடுக்கறதுக்கு அது என்னோடது இல்லீங்களே."

"அந்தத் தையக்காரன் உசுரோட இருக்கறானோ இல்லையோ. யோசிச்சுக்குங்க. உங்க கடைக்கு வேஸ்ட்டு என் கம்பெனியிலிருந்துதான் வருது."

வாய் கூசாமல் சொன்னான் பாய். உங்கள் மகளைப் பெண் கேட்டு வந்துகொண்டிருந்த சமயம் அது. அவள் உள்ளே நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் யோசனை சொன்னேன். நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டி எங்கள் பக்கத்துக் கருப்பணசாமி கோயிலில், வேப்பமரத்தடியில் உருவாரங்கள் குவிந்து கிடக்கும். மாட்டுக்கு நோவு வந்தால் மண்ணில் மாடு, பிள்ளைக்குச் சீக்கு வந்தால் மண்ணில் பிள்ளை செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டு வைப்பார்கள். வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும் வரை தலை அந்தக் குவியலில் இருக்கட்டும் என்றேன். என் சைக்கிள் கேரியரில் அதைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். அந்தச் சாலை அப்போதும் குழி, இப்போதும் குழி. பொதியை அவிழ்த்தபோது பின்னந்தலையில் இருந்த சின்னக் கொண்டை உடைந்து துணியிலேயே தங்கிவிட்டது. நீங்கள் துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

ஆர்டர் கொடுக்காமலே வெள்ளைக்காரர் தன் ஊருக்குத் திரும்பிப் போனார். தலையை எடுக்கப் போனால், பூசாரி குறுக்கே வந்து நின்றார்.

"சாமி எல்லையில வெச்ச உருவாரத்தை எடுக்கற வழக்கமில்லீங்க."

நேர்ந்துகொண்டு வைத்தால்தானே உருவாரம், நாங்கள் ஒளித்துத்தானே வைத்தோம் என்று நான் சட்டம் பேசினேன். "வெச்சது வெச்சதுதானுங்க" என்றார். கொங்கு நாட்டில் பிறந்த எனக்கு இந்த வழக்கம் தெரியாமல் இல்லை. சொந்த ஊர்ச் சாமி என்னோடு அனுசரித்துப் போகும் என்று நினைத்துவிட்டேன்.

நீங்கள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னீர்கள். கேட்டுவிட்டு அவர், "அந்தத் தையக்காரரு வந்து கேட்டா சாமி குடுத்துருமுங்க. நீங்க சொந்தக்காரரு இல்லையே" என்றார்.

"நியாயந்தானுங்க" என்றீர்கள். திரும்பி வரும்போது கேரியரில் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள்: "என் பெட்டியை விட அது நல்ல பூட்டுங்க மாப்ள."

அந்த மாதத்தோடு வேஸ்ட் வேறு ஆளுக்குப் போனது. நீங்கள் அவிநாசி வரை சைக்கிள் மிதித்துச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தீர்கள். ஒரு நாள்கூட என் மச்சினனை என்னிடம் திட்டியதில்லை. உங்களுக்கும் சேர்த்து நான்தான் திட்டினேன், அதுவும் என் மனைவி வீட்டில் இல்லாதபோது. கடைசியில் நெஞ்சுவலியில் படுத்து, கண்ணை மூடுவதற்கு முன்னால் அந்தத் துணி மடிப்பை என் கையில் வைத்தீர்கள். "தலை அங்க இருக்குது. கொண்டை உங்ககிட்ட இருக்கட்டும். வர்றவருக்கு ரெண்டையும் சேத்துக் குடுக்கோணும்." வழுக்கைத் தலையனிடம் கொண்டையைக் கொடுக்கிற குறும்பு உங்களுக்கு அந்த நிலையிலும் இருந்தது.

இப்போது இந்தப் பெட்டி. நேற்று மச்சினன் வீட்டுக்கு வந்தான். கேட்டேன்.

"நான் தலையைத் தொடவே இல்லீங்க மாமா. ஆடி நோம்பிக்குக் கோயிலுக்குப் போனப்ப ஒரு போட்டோ எடுத்தேன். அவ்வளவுதான்."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கறதுங்க? செஞ்சவன் செத்து ரெண்டாயிரம் வருசமாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. தீப்பெட்டியிலிருந்து ஊதுபத்தி வரைக்கும் நம்ம சாமி படம் இல்லாத பெட்டி ஏதுங்க?"

"அப்ப உங்க குலசாமியை ஜட்டிப் பெட்டியில போடு, பாக்கலாம்."

சமையலறையிலிருந்து அவன் அக்காவான என் மனைவியின் குரல் வந்தது: "எங்க குலசாமியை ஏனுங்க இதுல இழுக்கறீங்க?"

அதுதான் பாய் விஷயம். நம்முடையது என்றால் சாமி. அடுத்தவனுடையது என்றால் பொம்மை, காட்டுவாசி, ஜட்டி மார்க். வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதை இவன் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

காபியைக் குடித்துவிட்டு அவன் பெருமையாக ஒன்று சொன்னான். "பம்பாய்க்காரர் மூலமா நைஜீரியாவுக்கே போகுதுங்க மாமா, இந்த மார்க்."

அங்கே ஏதோ ஒரு ஊர்ச் சந்தையில், வயதான ஒரு தையல்காரர் இந்தப் பெட்டியைக் கையில் எடுத்து, மூடியையே பார்த்துக்கொண்டு நிற்பது போல் எனக்குத் தோன்றியது. பெட்டியின் பக்கத்தில் கம்பெனி விலாசம் இருக்கிறது. ஊர் பேர் தெளிவாகவே இருக்கிறது.

இந்தச் சித்திரை மழைக்கு என் கடை வாசலில் சோளம் இறைத்தேன். கொண்டையை மேஜைமேல், குருவிகளைப் பார்த்த மாதிரி வைத்தேன். மற்ற நாட்களில் அது உங்கள் பனியன் துணியிலேயே என் சட்டைப் பையில் இருக்கிறது. "தலையிலே முடியில்லாதவருக்குக் கொண்டை எதுக்குங்க" என்று கடைவீதியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு தையல்காரர் வந்தால் முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தலையையும் கொண்டையையும் சேர்த்துக் கையில் கொடுப்பேன். அப்புறம் நேரே மச்சினன் கம்பெனிக்கு அழைத்துப் போவேன். யாரைக் கேக்கறதுன்னு கேட்டாயே, இதோ வந்திருக்கிறார், கேள் என்று சொல்ல.