மிளகாய் அரைத்த கோப்பி மில்

யூலை 4, ஞாயிறு

மழை. மெல்பேர்ன் குளிர், விரல் விறைக்கிறது.

மிளகாய், மல்லி, சீரகம் வறுத்து பிரன்ஸ்விக் பக்கம் கொண்டுபோனேன். இத்தாலிக்காரன் ஜீனோ கோப்பி அரைத்து விற்கும் கடை ஞாயிறு பூட்டு. பின்னால் இருக்கும் அரைக்கும் மெஷின் அன்றைக்கு எனக்கு. ஒரு மாதம் வாடகை இல்லாமல்.

எப்படிக் கிடைத்தது என்று இங்கேயாவது எழுத வேண்டும். தூள் அரைத்து விற்கப் பாங்கில் கடன் கேட்டேன்; அனுபவம் கேட்டான். கடை வாடகைக்கு விடுகிறவனும் அதையே கேட்டான். படிப்பைப் பாதியில் விட்டவனிடம் என்ன இருக்கும்? மெஷின் இல்லாமல் அனுபவம் வராது, அனுபவம் இல்லாமல் மெஷின் தரமாட்டார்கள். ஜீனோவும் கேட்டபோது, யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு மில், சின்ன வயதிலிருந்து நான்தான் ஓட்டினேன் என்று விட்டேன். அங்கே கோப்பி பைக்கற் கட்டும் மங்கை அன்ரி பக்கத்தில் நின்றா. அவவும் நம்பினா. பெடியன் வேலை தெரிந்தவன் என்று ஜீனோவிடம் பிணை நின்றதும் அவதான்.

இன்றைக்கு உதவிக்கு வந்தா. அரைத்து முடிய இரண்டு பேருக்கும் தும்மல். மெஷினைத் துப்புரவாக்கத் தொடங்கினா.

"தம்பி, ஈரத்துணி காணுமோ?"

"காணும் அன்ரி, வேற ஒண்டும் தேவையில்லை. எங்கட மில்லிலயும் அப்பிடித்தான்."

எங்கட மில். வாய் கூசவில்லை.

யூலை 6, செவ்வாய்

வாங்க: பொலித்தீன் பை, பெருஞ்சீரகம், சவர்க்காரம்.

தூள் எல்லாம் விற்றுப் போச்சு. ஒரு டொக்டர் வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

பின்னேரம் அன்ரியின் போன். நேற்று அரைத்த கோப்பி முழுக்கக் காரமாம். வாங்கின கஃபேக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு கிழவர் ஒரு மிடறு குடித்துவிட்டு இருமின இருமலில் கடையே எழும்பி நின்றதாம். ஜீனோ அன்ரியை வேலையால் நிற்பாட்டிவிட்டான்.

"பிழை என்னில, நான் வடிவாத் துடைக்கேல்லைப் போல எண்டு சொல்லிப்போட்டன். உன்ர பேர் கெடக் கூடாது. நீ இப்பதான் துவங்கிறாய்."

ஏதோ சொல்லிப் போனை வைத்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

யூலை 8, வியாழன்

நித்திரை சரியில்லை. ஊர் மில்லில் மிளகாய்க்கு ஒரு மெஷின், அரிசிக்கு வேறொன்று. தகர டின்னோடு அங்கே எத்தனை தரம் வரிசையில் நின்றிருப்பேன். ஏன் இரண்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்: வரிசை.

அன்ரியின் மனுசனுக்கும் வேலை இல்லை. அந்த வீட்டுக்குள் வந்தது அவவின் சம்பளம் மட்டும்.

சொன்னால் மெஷின் போய்விடும். சொல்லவில்லை. இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். அதுவும் இறங்கிச்சு. சீ.

யூலை 11, ஞாயிறு

வெயில். போனேன். மிளகாயும் கொண்டுதான் போனேன்.

ஜீனோ மெஷினைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தான். கோபம் இல்லை. என்னைக் கண்டதும் முகத்தில் ஆறுதல். அந்த மனுசிக்குத் தெரியாது, நீ மில்காரன் மகன், எப்படிச் சுத்தம் செய்கிறதென்று காட்டு என்று பிரஷை நீட்டினான்.

ஒரு பல்லுச் சக்கரத்தைத் தூக்கினேன். எந்தப் பக்கம் மேலே என்றே தெரியவில்லை.

சொன்னேன். மில் இல்லை. ஈரத்துணி காணும் என்றது நான்.

பிரஷைத் திருப்பி வாங்கினான். கத்தியிருக்கலாம். அன்ரியை நாளைக்கு வரச் சொல், காரணத்தையும் நீயே சொல் என்றான், அவ்வளவுதான். அப்போதும் மெஷினைப் பற்றிக் கேட்க வாய் உன்னியது. என்ன பிறவி நான்.

டிராமில் நேரே அன்ரி வீடு. குசினியில் கதிரை இழுத்துப் போட்டா. நான் வாய் திறக்க முந்தி, நேற்று ஜீனோவுக்குப் போன் எடுத்துக் கதைத்ததாகச் சொன்னா. தன்னைத் திருப்பி எடுக்கச் சொல்லி இல்லை. என்னிடமிருந்து மெஷினைப் பறிக்க வேண்டாம் என்று கேட்க.

"அன்ரி, மில் இல்லை."

"எந்த மில்?"

"அப்பான்ர. அவர் தபால் கந்தோரில வேலை. துணி காணும் எண்டு சும்மா சொன்னனான். நாளைக்கு உங்களை வரட்டாம்."

அடுப்பை நிற்பாட்டினா. கையைத் துடைத்தா.

"அப்ப மெஷினை நான் வடிவாத்தான் துடைச்சனான்."