இறங்கும் முன்பே கிளம்பியவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அழுகை, முனகல், சண்டை எல்லாம் கேட்டாயிற்று. இன்று சிரிப்பு. கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஆள் வீங்கின கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மேடம், இதைப் பாருங்க. வலியே மறந்து போச்சு" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

ஒரு தபால்காரர். பச்சை வெளிச்சம் பட்டுச் சுருண்டு விழுந்து சாகிறார். அடுத்த காட்சியில் அதே தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து கடிதம் கொடுக்கிறார். மேலே தலைப்பு: 'செத்தும் கொடுத்தார் தபால்'.

அண்ணனின் படம். எனக்குக் காது வரை சுட்டது.

"நல்லா இருக்கு சார், உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றேன். வரிசையில் அவர் மூன்றாவது. ஐந்தாவதாக ஆக்கினேன்.

மார்ச் 5, புதன்

இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு ஒரு சேனலுக்காக எடுத்த படம் அது. பெயர் 'அவர்கள் இறங்கும் நாள்'. வேற்றுக்கிரகத்து ஆட்கள் ஒரு சின்ன ஊரில் இறங்கி, சண்டை போட்டு, தோற்றுத் திரும்பிப் போகும் கதை. இயக்கம் அண்ணன். எடிட்டிங் உதவி நான். அண்ணிதான் அவர்களுக்கு உடை தைத்தாள். காரை மூடும் வெள்ளித் துணி உடைக்கு, தலைக்குக் காய்கறி வடிகட்டி. அருகில் போகாதவரை அழகாகத்தான் இருந்தது.

மொத்தம் நான்கு கேசட், ஒவ்வொன்றும் அரை மணி. ஒரே ஒரு தடவைதான் ஒளிபரப்பினார்கள், ஒரு ஞாயிறு மாலை. அன்று முதல் கேசட்டுக்குப் பிறகு மூன்றாவதைப் போட்டு, இரண்டாவதை அதற்குப் பின்னால் போட்டார்கள். வந்தவர்கள் தோற்று ஓடுகிறார்கள், அதன் பிறகு வந்து இறங்குகிறார்கள். செத்தவர்கள் எல்லாம் எழுந்து நடமாடுகிறார்கள். 'இறங்கும் முன்பே கிளம்பிவிட்டார்கள், புத்திசாலிகள்' என்று மறுநாள் பத்திரிகையில் எழுதினான் ஒருவன். அண்ணனிடம் அதன் பிறகு யாரும் படம் கொடுக்கவில்லை. அண்ணி திரைச்சீலைக் கடை வைத்தாள். அண்ணன் வீடு வீடாகப் போய் அடுத்தவர் ஜன்னலை அளந்துகொண்டிருக்கிறான்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஆள். ஒளிபரப்பு அறையில் கேசட் போடுகிறவன். வாயே திறக்க மாட்டான் என்று அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தோம். குடித்துவிட்டு வந்து மாற்றிப் போட்டான். வேலையிலிருந்து தூக்கினார்கள். தூக்காமல் கொஞ்சுவார்களா?

மார்ச் 6, வியாழன்

அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுதும் பார்த்தான். "விடு" என்றான்.

"எப்படிண்ணா விடறது? ஊரே சிரிக்குது."

"முப்பது வருஷமா சிரிக்குது. இப்ப கூட நாலு பேர்."

அண்ணி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் வடிகட்டியைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களா?" என்றாள்.

இந்த வீட்டில் ரோஷம் என்பது எனக்கு மட்டும்தான் எழுதிவைத்திருக்கிறது போல.

மார்ச் 8, சனி

அந்த வீடியோவுக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். எல்லாவற்றையும் படித்தேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது தெரியும். தெரிந்தும் படித்தேன்.

மார்ச் 10, திங்கள்

ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அந்தச் சேனலை இழுத்து மூடியபோது அதன் கிடங்கிலிருந்த கேசட்டெல்லாம் இவர்களிடம் வந்துவிட்டதாம். வீடியோ போட்டதும் இவர்கள்தானாம். அன்றைக்கு ஒளிபரப்பான வரிசையிலேயே இருபத்திரண்டாம் தேதி அரங்கத்தில் போடப் போகிறார்களாம். நிகழ்ச்சியின் பெயர் 'மிக மோசமான படங்களின் மாலை'. அண்ணன் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

வாய்க்கு வந்தபடி பேசினேன். அடுத்தவன் வயிற்றெரிச்சலுக்கு டிக்கெட் போட்டு விற்கிறாயா என்று கேட்டேன். ஒரு குடிகாரன் செய்த வேலைக்கு என் அண்ணன் எதற்கு மேடையேறி இளிக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். "மேடம், நீங்க வந்து எது ரெண்டு, எது மூணுன்னு காட்டுங்க. சரியான வரிசையிலயே போட்டுடறேன். பேரையும் மாத்திடறேன்."

சனிக்கிழமை போகிறேன். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகாவது ஜனங்கள் படத்தைப் படமாகப் பார்க்கட்டும். அண்ணன் தலை நிமிரட்டும்.

மார்ச் 15, சனி

என் கையெழுத்து.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

குளிரூட்டிய அறை. அந்தப் பெண் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நான்கு பெட்டிகளை எடுத்து வைத்தாள். இரண்டு என்று எண் போட்ட பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த கேசட்டின் முதுகில் மூன்று. மூன்று போட்ட பெட்டிக்குள் இரண்டு.

"பாத்தியா, அந்த ஆள் பெட்டியில கூட மாத்தி வெச்சிருக்கான்" என்றேன். சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தேன். பெட்டியின் மேல் பழைய எண்ணை மறைத்து ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டில் பச்சை மை. அந்தக் கட்டடத்திலேயே பச்சை மையில் எழுதினவள் நான் ஒருத்திதான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. முடிக்கிற வாரத்தில் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. சண்டையை முதலில் காட்டி, அவர்கள் இறங்கியதை நினைவாகப் பின்னால் காட்டலாம் என்றான். நான் பெட்டி, கேசட் இரண்டிலும் எண்ணை மாற்றி ஒட்டினேன். இரண்டே நாளில் பழைய வரிசைதான் சரி என்றான். கேசட்டில் திரும்ப மாற்றினேன். பெட்டியில் மாற்றவில்லை. எடிட்டிங் அறையில் நாங்கள் கேசட்டின் முதுகைத்தான் பார்ப்போம். பெட்டியை யார் பார்த்தார்கள்? அது மூலையில் கிடக்கும்.

ஆனால் ஒளிபரப்பு அறையில் பெட்டி எண்தான் சட்டம். பெட்டியில் என்ன எண்ணோ அந்த வரிசையில்தான் போட வேண்டும், பதிவேட்டிலும் அதையேதான் எழுத வேண்டும். அவர் சட்டப்படிதான் செய்திருக்கிறார்.

அப்படியென்றால் இத்தனை வருடமும் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்?

மார்ச் 17, திங்கள்

குடித்திருந்தார் என்று யார் சொன்னது?

நான்தான் சொன்னேன். மறுநாள் காலை மேலாளர் அறைக்கு வெளியே, பத்துப் பேர் முன்னால். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கிட்ட வராதீங்க, வாடை அடிக்குது" என்றேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டுத் தனியாகவும் கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

வாடை அடித்ததா? இல்லை. எதுவும் அடிக்கவில்லை. ஆத்திரம் எனக்கு, எதையாவது எடுத்து வீச வேண்டும் போல இருந்தது, கைக்குக் கிடைத்தது அதுதான். வீசிவிட்டு வந்து, பிறகு நானே அதை நம்பிவிட்டேன். எப்பேர்ப்பட்ட மனுஷிடீ நீ.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கடையில், துணிச் சுருள்களுக்கு நடுவில் நின்றபடி. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அந்த ஆளை நினைக்காத நாள் கிடையாது எனக்கு. நாசமாப் போகட்டும்னு நினைச்சிருக்கேன். நீயும் பக்கத்துல உக்காந்து ஆமா ஆமான்னே."

"தெரியாதுண்ணா. சத்தியமா தெரியாது."

"எண்ணு மாறினது தெரியாது. சரி. குடிச்சான்னு சொன்னியே, அதுவும் தெரியாதா?"

போ என்று கை காட்டினான். அண்ணி வாசல் வரை வந்தாள். "முதல்ல அந்த மனுஷன் எங்க இருக்கார்னு தேடு. அழுகையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள்.

மார்ச் 22, சனி

சரியான வரிசையில் போட்டார்கள். தொடங்கும் முன் நான் எழுந்து நின்று சொன்னேன்: இந்தப் படம் மாறிப் போனது என்னால், டேப் போட்டவர் மேல் தப்பில்லை, அவர் குடிக்கவும் இல்லை. சொல்லி முடித்ததும் யாரோ கை தட்டினார்கள். அறைய வேண்டும் போல இருந்தது. என்ன சாதித்தேன் என்று கை தட்டுகிறாய்?

வடிகட்டிகளைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். மூன்றாவது பகுதியில் தபால்காரர் செத்தபோது சிரிக்கவில்லை. அவர் பையிலிருந்த கடிதங்கள் ஈரமண்ணில் கிடப்பதை அண்ணன் ஒரே ஷாட்டில் வெகுநேரம் காட்டியிருந்தான்.

அண்ணன் எனக்கு நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தான். வெளியே வரும்போது அண்ணியிடம் சொன்னது காதில் விழுந்தது. "நேரா போட்டாலும் சுமார்தான். ஆனா அந்தக் கடுதாசி ஷாட் பரவால்ல." என்னிடம் பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பழைய ஊழியர் சங்கத்தில் பட்டப்பெயரைச் சொல்லி விசாரித்து முகவரி வாங்கி, பூட்டைப் பார்க்கப் போனேன். இனிமேல் பூட்டு என்று எழுதக் கூடாது. ஆனால் பெயர் கூடத் தெரிந்துகொள்ளாமல்தான் அவர் வேலையைப் பறித்திருக்கிறேன். கேட்டேன். "இப்ப எதுக்கு" என்றார்.

ஒற்றை அறை. கட்டில், நாற்காலி, சுவரில் கம்பி இழுத்துக் காயப் போட்ட இரண்டு சட்டைகள். ஒரு கார் நிறுத்துமிடத்தில் காவலாளியாக இருபத்தாறு வருடம் இருந்தாராம். என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. நாற்காலியைக் காட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, சீட்டு, வாடை என்று சொன்ன பொய்.

"எண்ணு மாறியிருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "மதியமே எடிட்டிங் ரூமுக்கு போன் பண்ணேன். பெட்டியில ஒண்ணு, கேசட்ல ஒண்ணு இருக்கு, எதும்மா சரின்னு கேட்டேன். நீங்கதான் எடுத்தீங்க."

"நானா?"

"பெட்டியில இருக்கற மாதிரி போடுங்க, சும்மா சும்மா போன் பண்ணாதீங்கன்னீங்க. பின்னாடி ஒரே சிரிப்புச் சத்தம்."

படம் முடிந்ததற்காக அன்று கேக் வெட்டினோம். ரிசீவரில் கிரீம் ஒட்டிக்கொண்டதும், என் புடவைத் தலைப்பால் துடைத்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. யார் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் நிற்கவில்லை.

"மறுநாள் அதைச் சொல்லத்தானே வந்தீங்க? மேலாளர் ரூம் வாசல்ல?"

"வந்தேன். நீங்க வாடைன்னீங்க. அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் குடிகாரன் உளர்றான்னுதானே ஆகும்?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"மன்னிப்பு கின்னிப்பெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு ஒண்ணு செய்யணும் நீங்க. எம் பொண்ணுகிட்ட போய் இதைச் சொல்லணும். அப்ப அவளுக்குப் பதினொரு வயசு. யாரோ வந்து வீட்ல சொல்லிட்டாங்க, உங்கப்பா குடிச்சிட்டுப் போய் வேலையைத் தொலைச்சிட்டார்னு. நான் எவ்வளவு சொல்லியும் அவ நம்பல. இன்னைக்கும் நம்பல."

மார்ச் 27, வியாழன்

போக வேண்டும். இன்றும் போகவில்லை. காரணம் தேடினால் ஆயிரம் கிடைக்கும், கோழை.

மார்ச் 29, சனி

போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் நாற்பதைத் தாண்டியவள், அப்பாவின் அதே இறுகின வாய். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். கொஞ்சமும் குறைக்காமல், கேக் வெட்டியது வரை சொன்னேன்.

முதலில் புரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அவர் வாழ்க்கையில தொட்டதே இல்லையா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்குக் குடிக்கல. அது சத்தியம்."

"எங்கப்பா எப்ப வந்தாலும் இதே இடத்துல நிப்பார். நான் கிட்ட போய் மூச்சை மோந்து பாத்துட்டுதான் உள்ள விடுவேன். எம் புள்ளைங்க எதிர்லயே. அவரும் வாயைத் திறந்து ஊதிக் காட்டுவார். ஒரு தடவை கூட வேணாம்னு சொன்னதில்ல." உடனே கத்தினாள். "போங்க. என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க, போயிடுங்க."

அவள் கத்தியதில் ஒரு சொல் கூட அதிகமில்லை. இறங்கினேன். கதவைச் சாத்த மறந்துவிட்டாள். இரண்டாவது மாடிக்கு வந்திருப்பேன், அவள் போனில் பேசுவது கேட்டது.

"அப்பா. நாளைக்கு வீட்டுக்கு வரீங்களா? ... இல்ல, ஒண்ணுமில்ல. சும்மாதான். வாங்க."