இரண்டு தடவை சலித்த மண்

செப்டம்பர் 9
பிஷ்கெக்கிலிருந்து பேத்தி பெர்மெத் பேசினாள். அவள் ஆராய்ச்சிக்கு நம் தொழுவத்துக்குப் பின்னால் கிடக்கும் சாண மண் ஒரு டப்பா வேண்டுமாம். மடி வீங்கிய மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் பாதி சாணத்தோடு வெளியே வந்துவிடுகிறதாம். “அத மண்ணுல இருக்கற கிருமிங்க தின்னுடுதான்னு பாக்கணும் பாட்டி.” தின்னாவிட்டால்? கெட்ட கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுமாம். அப்புறம் நமக்கே ஊசி பலிக்காதாம்.
அஞ்சாவதோடு நின்றவளின் பேத்தி பேசுகிற பேச்சு! மருமகளிடம் மூன்று தடவை சொன்னேன்.

செப்டம்பர் 10
டப்பா போயாச்சு. சாணமா? நானா? படித்தவர்கள் திறந்து பார்த்து, “இந்த வீட்டுப் பொம்பளைங்க இவ்வளவுதான்” என்று மூக்கைப் பொத்தவா? மாடே ஏறாத மலைச்சரிவில் மண் அள்ளி, இரண்டு தடவை சலித்து, பூத்துணியில் கட்டினேன். மேலே ஒரு பொட்டலம் குருத், உப்பிட்டுக் காயவைத்த தயிர் உருண்டை. மண் என்றால் மண்தானே.
“அத்தே, மண்ணுக்கா கல்யாணம்?” என்று சிரித்தாள் மருமகள் சைராகூல்.

செப்டம்பர் 14
குருத் புளிப்பாக, நன்றாக இருந்ததாம்.

அக்டோபர் 29
பெர்மெத் அழுதாள். நான் அனுப்பிய மண்ணில் அவள் கலந்த மருந்து கலந்தபடியே இருக்கிறதாம். “நம்ம மண்ணுல ஒண்ணும் தின்னல பாட்டி. வெள்ளிக்குள்ள ஆராய்ச்சிக்கு வேற தலைப்பு பாக்கணும்னு எங்க புரொபசர் மேடம் சொல்லிட்டாங்க.” இரண்டு வருஷ உழைப்பு.
நான் என்ன கேட்டேன்? “சாப்டியா?” — அவ்வளவுதான் வந்தது வாயில்.

அக்டோபர் 30
அனுப்பியது மலைச்சரிவு மண் என்று பெர்மெத்திடம் சொல்லிவிட்டேன்.  
“சலிச்சியா பாட்டி?”
“ரெண்டு தடவ.”
“ஐயோ! மருந்தையே பாக்காத கிருமி அத எப்படித் திங்கும்? வருஷக்கணக்கா ஊசி போட்ட மாட்டுங்க சாணி விழுந்த மண்ணுதான் வேணும்.”
“இத முன்னாடியே சொல்றதுக்கென்னடி?”
“சாணின்னு சொன்னேனே!”
சொல்லித்தான் இருந்தாள்.
மேடத்திடம் நானே பேசினேன். தப்பு என்னுடையது, பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்றேன். யாரிடமும் இறங்கிப் பேசாதவள் நான். காது சுட்டது. டிசம்பர் வரை என்றார்.
தொழுவத்துக்குப் பின்னால் நானே இறங்கி அள்ளினேன். டப்பாவைப் பிஷ்கெக்குக்குக் கொண்டுபோகும் வாடகைக் கார் எமில் முறைத்தான். “அக்கா, ஜன்னலத் திறந்தா குளிரு, மூடினா நாத்தம். எப்படி மலை தாண்டறது?”
“மூக்க மூடிட்டு தாண்டு” என்றேன்.

டிசம்பர் 5
தின்றுவிட்டன! நம் மண்ணில் மருந்து கால்வாசிதான் மிச்சம். அதே மண்ணை வேகவைத்து, கிருமிகளைக் கொன்றுவிட்டு வைத்த டப்பாவில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறதாம். தலைப்பு மாறாது.
சைராகூலிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை.

டிசம்பர் 19
பெர்மெத்தோடு மேடம் வந்தார். மேசை நிறைய ரொட்டி, வெண்ணெய், இறைச்சி, சூடாகத் தேநீர். வாசலில் குனிந்து காலணியைக் கழற்றப்போனார்.
“கழட்டாதீங்க” என்றேன். முதலில் அந்தச் சாண மண்ணைக் காட்டத் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.